தோளுக்குப் பின்னால் துறைமுகம்

கொம்போடு கொம்பு பூட்டி இரண்டு கலைமான்கள் மல்லுக்கட்டியதில் எழுந்த புழுதி ஜீப் கண்ணாடிவரை வந்து படிந்தது. இணைசேரும் பருவம். பெட்டை மான்கள் ஒரு பக்கமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்க, ஆண்கள் இரண்டுக்கும் உலகமே மறந்துபோயிருந்தது. வண்டி இரைந்ததையோ பக்கத்தில் மனிதர் நின்றதையோ அவை கவனிக்கவேயில்லை. யால காட்டுப் பூங்காவில் அன்று காலை இராசரத்தினம் மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு படங்களை எடுத்துத் தள்ளினார்.

கொழும்பு திரும்பிய பிறகும் பிலிமில் இரண்டு மூன்று படம் மிச்சம். முடியாத பிலிமைக் கழுவக் கொடுக்க அவருக்கு மனம் வருமா? ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் மைத்துனி வீட்டு மொட்டைமாடியில் மனைவி சரோஜினிதேவியை நிறுத்தி எடுத்து முடித்தார். மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில், வெள்ளவத்தை ஸாலிஹ் நானாவின் ஸ்டூடியோவில் அதைக் கொடுத்தார்.

கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. மொட்டைமாடியில் சரோஜினியின் தோளுக்குப் பின்னால் இருந்தது துறைமுகமல்லவா! கப்பல், கிரேன், கடற்படைப் படகு எல்லாம் விழுந்திருக்குமே!

யுத்த காலத்தில் துறைமுகத்தைப் படம் பிடித்த தமிழன் சொல்லும் விளக்கத்தை யார் கேட்பார்கள்? கழுவிக் கொடுத்த பாவத்துக்கு ஸாலிஹையும் அல்லவா ஏற்றிக்கொண்டு போவார்கள்?

பள்ளிக்கூடம் விட்டதும் பம்பலப்பிட்டியில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். வழி நெடுக முருகனைக் கூப்பிட்டார். ஸ்டூடியோ வாசலில் கால் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பொலிஸ் சார்ஜன்ட்; அவர் கையில் மான் படம்.

“வாங்க மாஸ்டர்,” என்றார் ஸாலிஹ். “சார்ஜன்ட் மாத்தயா போட்டோ எடுக்க வந்தவர். ஒங்கட மானைக் கண்டதும் எழும்புறாரில்ல.”

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்துச் சிங்களத்தில் பேசினார். அவருடைய ஊர் அந்தக் காட்டோரம்தானாம். சிறுவயதில் இந்தக் கொம்புச் சத்தம் கேட்டுத்தான் விழிப்பாராம். மிச்சப் படங்களையும் பார்க்கலாமா என்று கேட்டுக் கையை நீட்டினார்.

ஸாலிஹ் கவரைக் கொடுத்தார். மான், புழுதி, மறுபடி மான். கடைசியில் சரோஜினி.

அவள் முகம் மட்டும். காற்றில் பறந்த கூந்தல் ஓரத்தோடு படமும் முடிந்திருந்தது.

“நோனாவா?” என்று சிரித்தார் சார்ஜன்ட். “மானைவிட லஸ்ஸனய், அழகு!”

ஒரு மான் படத்தை மாஸ்டரே அவருக்குக் கொடுத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் தெருவைக் கடக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஸாலிஹ் சட்டைப் பையிலிருந்து ஒரு நெகட்டிவ் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“பிரிண்ட் போடக்குள்ளதான் பின்னால கப்பலைக் கண்டேன். மொகத்த மட்டும் பெருசாக்கினேன். இத நீங்களே நெருப்புல போடுங்க.”

“அந்தாள் இருந்த நேரமெல்லாம் இது உங்கட பொக்கெட்டிலையா? எனக்காக ஏன் நானா இந்த வேலை? பயமில்லையே?”

“பயமில்லாமலா? அல்லாஹ்ட பேரைச் சொல்லிச் சொல்லியே நிண்டேன். ஒரு மனிசன் பொஞ்சாதியைப் படமெடுத்ததுக்கு உள்ள போகணுமா, மாஸ்டர்?”

மாஸ்டர் ஸாலிஹின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் அடுப்பு நெருப்பில் அந்தத் துண்டு சுருண்டு கருகியது. நடந்ததையெல்லாம் கேட்ட சரோஜினிக்கு முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது.

“இஞ்சாருங்கோ, அவ்வளவு பெரிய கப்பல் உங்கட கண்ணில படேல்லையோ?”

“நான் உம்மைத்தானே பாத்தனான்.”

“நல்லாப் பாத்தியள்! அந்தக் கொம்பு பூட்டின மானுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அவளும் சிரித்தாள். தன் முகம் மட்டும் இருந்த அந்தப் படத்தை ஈரக் கை படாமல் சேலைத் தலைப்பால் வாங்கி, சுவாமித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை மோதகம் அவிக்கிறன்,” என்றாள். “முதல்ல நானா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ.”