ஃப்ளோமோவின் குரல்

லோர்ப்பு ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தபோது, கணினியில்தான் ஏதோ கோளாறு என்று றோசலின் நினைத்தாள்.

குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறை அது. லைபீரியாவிலிருந்து வந்தவர்களின் சங்கம் ஒன்று குபெல்லே–ஆங்கில அகராதி தயாரித்துக்கொண்டிருந்தது. மென்பொருளைத் தேவதாசன் பார்த்துக்கொண்டார். றோசலின் சொற்களைத் தட்டச்சு செய்து ஒலிப்பதிவுகளை இணைப்பாள். தொனி பிசகினால் பொருளே மாறிவிடுகிற மொழி. குரல் இல்லாமல் முடியாது. இரண்டு வருடமாக அந்தக் குரல் ஃப்ளோமோவுடையது. துறைமுகத்தில் லொறி ஓட்டுபவர். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை நிதானமாகச் சொல்வார். பதிவுகளைச் சரிபார்க்க குபெல்லே பேசும் லோர்ப்பு என்ற பெண் ஒட்டாவாவிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.

கோப்பி வாங்கப் போன ஃப்ளோமோ, தோளில் பனியோடு உள்ளே வந்து "பொன்ஜூர்" என்றார்.

லோர்ப்பு மைக் தாங்கியை இரண்டு கையாலும் தூக்கி அவர் காதோடு சேர்த்து அடித்தாள். கோப்பி சிதறியது. அவர் முழங்காலில் விழுந்தார். அடுத்த அடி தோளெலும்பில் விழுந்தது. அது முறிந்த சத்தம் றோசலினுக்குக் கேட்டது. தடுக்கத் தூக்கிய கையோடு ஃப்ளோமோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். மூன்றாவது அடியில் வாய் கிழிந்தது. தேவதாசன் பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்தார்.

அவர் பிடிக்குள் நின்றபடியே லோர்ப்பு ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பது வருடங்களுக்கும் மேல் ஆகிறது. லைபீரியாவில் உள்நாட்டுப் போர். மண்டிங்கோக்களைப் பிரித்தெடுத்துக் கொல்ல, வீதியில் கயிறு கட்டிய சோதனைச்சாவடி. அவள் கணவன் மண்டிங்கோ இனத்தவன். பதினொரு வருடம் அவளோடு குபெல்லே பேசியவன். துவக்கோடு நின்றவன், இதே குரலில் ஒரு சொல்லைச் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். மூன்றாவது தடவை தொனி தவறியது. வெடி கேட்டபோது அவள் முதுகில் பிள்ளை இருந்தது.

ஃப்ளோமோ இரத்தத்தைத் துப்பினார். "எனக்கு அப்போது பதினேழு வயது" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "நான்தான்" என்றார்.

தேவதாசன் பிடியை விட்டு, தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு றோசலினிடம் திரும்பினார்.

"நாலாயிரம் சொல்லு, பிள்ளை. எல்லாம் இவரின்ரை குரல். இனி என்ன செய்யிறது?"

றோசலின் தன் சால்வையை ஃப்ளோமோவின் கிழிந்த வாயில் அழுத்தினாள். "எண்பத்திமூண்டு கலவரத்திலை, அண்ணை, நானும் கூட இருக்க, கொழும்பு பஸ்ஸிலை அப்பாட்டை வாளியைக் காட்டி, தமிழரோ எண்டு பாக்கச் சிங்களத்திலை சொல்லெண்டு கேட்டவங்கள். அப்பா சரியாச் சொல்லிப்போட்டார். பக்கத்திலை இருந்தவர் சொல்லேல்லை, அவரை இறக்கிக் கொண்டுபோனவங்கள். கேட்டவன்ரை குரலை நான் மறந்துபோனன்."

ஆம்புலன்ஸோடு பொலிசும் வந்தது. என்ன நடந்தது என்று பொலிஸ்காரி பிரெஞ்சில் கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஃப்ளோமோ, படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். தேவதாசன் தரையைப் பார்த்தார். அப்படியே முடிந்துவிடட்டும் என்று ஒரு கணம் றோசலின் ஆசைப்பட்டாள்.

"இல்லை" என்றாள் லோர்ப்பு. "நான் அடித்தேன். ஏன் என்று கேளுங்கள்."

பொலிஸ்காரி ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னாள். லோர்ப்பு ஒரு நாற்காலியை இழுத்து ஃப்ளோமோவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கேட்கும்படி குனிந்து, முதலில் தன் கணவனின் பெயரைச் சொன்னாள். பொலிஸ்காரி குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.