வாக்குக் கொடுத்தால் ஃபெயில்

1

இந்தக் கதை, வேறு வேலையாகப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. சண்டை ஓய்ந்த நாடுகளுக்கு அமைதி காக்கப் போகும் போலீஸ்காரர்களைத் தயார் செய்யும் பயிற்சி நிலையம் அது. அவர்களுடைய பாடப்புத்தகம் யாருக்கும் புரியவில்லையாம். எளிமையாக்கித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும்தான் புரியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒத்துக்கொண்டேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வகுப்பின் நடுவே நின்ற இன்ஸ்பெக்டரின் கண்களில் ஒரு கடல்…'

கடலாவது, ஒன்றாவது. தூங்காத கண்கள், அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.

2

அந்த இன்ஸ்பெக்டரை எல்லோரும் 'டீச்சரம்மா' என்பார்கள். அவள் நடத்துவது ஒரே ஒரு ஒத்திகை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அதுதான் வெளிநாட்டில் அவர்கள் காவல் நிற்கப்போகும் முகாமின் வாசல். பிள்ளையைத் தொலைத்த தாயாக, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு அவளே வந்து அழுவாள். பயிற்சிக்கு வந்தவர் பொறுமையாகக் கேட்க வேண்டும், விவரம் வாங்க வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும். ஆனால் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஃபெயில். எல்லார் முன்னாலும் அங்கேயே சொல்லிவிடுவாள். அவர் அதற்குப் பிறகு வெளிநாட்டை மறந்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"பாவம் பாத்து, கண்டுபிடிச்சுத் தர்றேன்னு சொல்லிடுவீங்க. அந்தம்மா அதை நம்பி தினமும் வாசல்ல வந்து உக்காரும். நீங்க மூட்டை கட்டிட்டு ஊருக்கு வந்துடுவீங்க. அது உக்காந்தே இருக்கும்."

சரியான விடை: "எங்களால முடிஞ்சதைச் செய்றோம்."

(பாடப்புத்தகத்தில் நான் கை வைக்காமல் விட்ட ஒரே வாக்கியம் இது. இதற்கு மேல் எளிமையாக்க எனக்குத் தெரியவில்லை.)

3

அவளுடைய தம்பியும் போலீஸ்தான், எஸ்.ஐ. அவளிடமே படித்து, அந்தக் கோட்டின் முன்னால் நின்று தேறினவன். அவன் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "பத்திரமா வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போடா" என்றாள்.

"என்னால முடிஞ்சதைச் செய்றேங்க்கா" என்றான் அவன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அங்கே, பெருக்கெடுத்த ஓர் ஆற்றைக் கடக்கும்போது ரோந்து ஜீப் புரண்டது. கூடப் போனவர்கள் கரையேறினார்கள். அவன் மட்டும் கிடைக்கவில்லை, உடம்பாகக்கூட. செய்தி கொண்டுவந்த அதிகாரி அவளுடைய பழைய மாணவன். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எங்களால முடிஞ்சதைச் செய்றோம் மேடம்" என்றான். பாடம் கொஞ்சமும் பிசகவில்லை. அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "காபி குடிக்கிறியாப்பா?" என்று கேட்டாள்.

(இந்த இடத்தில் தம்பியை உயிரோடு கொண்டுவந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு மீன்காரர் வீட்டில், காலில் கட்டோடு படுத்திருந்தான், அப்போது கதவு… வேண்டாம். அவள் படித்தால் என்னையும் ஃபெயிலாக்கிவிடுவாள். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனசே வரவில்லை.)

4

விடுப்பு முடிந்து வந்தவள் மறுபடி சால்வையைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு எதிரில் நின்றவரைக் கூட இருந்தவர்கள் 'விசில்' என்பார்கள். போக்குவரத்து எஸ்.ஐ., இரண்டு பெண்களுக்கு அப்பா, அந்தக் குழுவின் கோமாளி. தேறினால் தம்பி இருந்த அதே முகாமுக்குப் போக வேண்டியவர். (இவரை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். அழுகை தூக்கலான கதையில் கொஞ்சம் சிரிப்புக்காகச் சேர்த்த ஆள். இப்படிக் காலை வாருவார் என்று நினைக்கவில்லை.)

"ஐயா, என் தம்பியைக் காணோம்யா" என்றாள் அவள்.

பாடத்தில் இருப்பது மகன். அவளுக்குத் தன் தவறு உறைக்கவில்லை. "ஆத்துல போனான். எல்லாரும் வந்துட்டாங்க. அவன் மட்டும் வரலை. நீச்சல் தெரியும்யா அவனுக்கு, நான்தான் கத்துக்கொடுத்தேன்."

விசில் தொப்பியைக் கழற்றினார். சரியான விடை அவருக்கும் தெரியும். காலையில்தான் பாட்டாகப் பாடிக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

"நான் கூட்டிட்டு வர்றேங்க்கா" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டவர்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் "ஃபெயில்" என்கிறாள். விசில் வீட்டுக்குப் போகிறார், இரண்டு பெண்களுக்கும் அப்பா மிஞ்சுகிறார். ஆனால் தம்பியைத் தேடிப் போகிறேன் என்று சொன்ன ஒரே மனிதரை அவளே திருப்பி அனுப்பியதாகிறது.

அவள் "பாஸ்" என்கிறாள். விசில் போகிறார், அதே ஆற்றுக்கு. அவள் இங்கே…

இரண்டையும் அடித்துவிட்டேன். கொடுமை என்னவென்றால், அவள் அவரை நம்பிவிட்டாள். நம்பக்கூடாது என்று இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் சாக்பீஸ் கோட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகிறவளாகத் தெரியவில்லை. முடிவைச் சொல்லச் சொல்லி எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து போன யாராவது திரும்பாமல், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் பேசட்டும். மற்றவர்கள் என்னைப் போலக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.