பாண்டியராஜன் வீட்டு ரூல்

2002ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலிருந்து, பாண்டியராஜனை ஒரு முறையாவது மாப்ள என்று கூப்பிட்டவர்கள் யாராலும் அவன் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போக முடியவில்லை. கேட்டைத் திறந்து காலை எடுத்து வைத்தால், அந்தக் கால் வீட்டுக்குப் பின்னால் காலிமனையில் இருந்த குப்பைக்குழியில் இறங்கியது. இடையில் எதுவும் நடக்கவில்லை. வலிக்கவும் இல்லை. முதலில் போனவன் அழகுமலை, பாண்டியராஜனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒரு பை தக்காளியோடு வந்தவன் முழங்கால் வரை குப்பையில் நின்றான். வேட்டியைத் தட்டிக்கொண்டு, பின்சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, மறுபடி குழிக்குப் போனான். பின்கதவு வழியாக நுழைந்து பார்த்தான். அதுவும் குழியிலேயே கொண்டுவந்து விட்டது. மூன்றாவது முறைக்குப் பிறகு தக்காளியைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பாண்டியராஜனுக்கு மதுரை காளவாசலில் பத்திரிகையும் போஸ்டரும் அச்சடிக்கும் கடை இருந்தது. டிசைன் வேலைக்கான கம்ப்யூட்டர் வீட்டு முன்னறையில். அந்த வருடம் சித்திரையில் அவன் தன் புதுமனை புகுவிழாவுக்குத் தானே பத்திரிகை அடித்தான். நாற்பத்திரண்டு உறவினர் பெயர்களும் இரண்டு வட்டச் செயலாளர்களின் படங்களும் அதில் இருந்தன. மனைவி தாமரைச்செல்வியின் உடன்பிறந்த அண்ணன் முத்திருளனின் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்று பாண்டியராஜன் சொன்னான். அச்சுக்கடை வைத்திருப்பவன் சொல்லக்கூடிய காரணம் அல்ல அது. சமயநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கு வெல்டர் வேலைக்குப் போயிருந்த முத்திருளனுக்குப் பத்திரிகை ஒரு வாரத்தில் கிடைத்தது. அன்று மாலையே முதல் மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். மாப்ள, என் பேரு எங்க? இரண்டாவது மெயிலில் பாண்டியராஜனின் அப்பாவைப் பற்றி இருந்தது. மூன்றாவதில் தாத்தாவைப் பற்றி. ஒரு மாதத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மெயில் என்றாகிவிட்டது. டெலிபோன் லைனில் ஓடிய இணைப்பு அது. நாற்பது வசவும் இறங்கி முடிந்த பிறகுதான் வாடிக்கையாளரின் மெயில் இறங்கும். இரண்டு கல்யாண வேலைகள் கைவிட்டுப் போயின.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கிரிதரனைப் பாண்டியராஜன் வரவழைத்தான். கிரிதரன் மகால் பக்கத்துக்காரன். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுபவன், வெளியில் எல்லோரையும் அண்ணே என்பவன். மெயில் புரோகிராமைத் திறந்து, முத்திருளனின் முகவரியிலிருந்து வருவதெல்லாம் சர்வரிலேயே வடிகட்டப்பட்டு, குப்பை என்ற தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ரூல் போட்டான். முத்திருளன் புது முகவரி திறந்தான். கிரிதரன் அதையும் சேர்த்தான். ஆறாவது முகவரி வந்ததும் கிரிதரன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

“முகவரியை வச்சு முடியாதுண்ணே. வார்த்தையை வச்சுப் போடுவோம். அவர் எல்லா மெயில்லயும் எழுதுற வார்த்தை ஏதாவது இருக்கா?”

“நெறயா இருக்கு. எல்லாம் கெட்ட வார்த்தை.”

“அதை ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி எழுதுறாருண்ணே. மாறாம ஒண்ணு சொல்லுங்க.”

பாண்டியராஜன் யோசிக்கவில்லை. “மாப்ள. அது இல்லாம அவனுக்கு ஆரம்பிக்கத் தெரியாது.”

கிரிதரன் அந்த வார்த்தையை அடித்தான். அவன் வீட்டிலும் தெருவிலும் யாரும் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. ஆகவே அதைக் கெட்ட வார்த்தைகளில் கடைசி என்று நினைத்துக்கொண்டான். பாண்டியராஜனுக்காவது இதன் ஆபத்து தோன்றியிருக்க வேண்டும். அவன் ஊரில் பங்காளியைத் தவிர எல்லோரும் அவனுக்கு மாப்ளதான், எல்லோருக்கும் அவன் மாப்ளதான். கோபத்தில் இருந்தான். தோன்றவில்லை. இருவரும் டீ குடித்தார்கள். மறுநாள் காலையில்தான் அழகுமலை தக்காளி கொண்டுவந்தான்.

அதற்குப் பிந்தைய ஒன்றரை வருடத்தில் பங்காளிகளைத் தவிர அந்த வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவரும் வந்து சேரவில்லை. வந்தவர்கள் பின்சந்தில் நின்று தாமரைச்செல்வியோடு பேசிவிட்டு, செருப்பைக் கழுவிக்கொண்டு போனார்கள். சார் என்று கூப்பிட்டவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர்கள், ராசிக்கல் விற்பவர்கள், முடி வளரும் எண்ணெய்க்காரர்கள் நேராக முன்னறைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், ஏதோ ஒரு நாட்டில் இறந்துபோன மந்திரியின் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு, நான்கு நாள் தங்கியிருந்தார். மெயில் பெட்டியிலும் இதே நிலைதான். அன்புள்ள சார் என்று தொடங்கியதெல்லாம் வந்தது. கிரிதரன் விஷயத்தைப் புரிந்துகொண்டு இரண்டு முறை வந்து கேட்டான். ஒரு கிளிக்தான் என்றான். பாண்டியராஜன் மறுத்துவிட்டான். ரூலை எடுத்தால் முத்திருளனும் வந்துவிடுவான்.

2004 தையில் மகள் அன்னக்கொடிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். அவன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் உட்கார்த்தினால், அவன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்வதாகும். முத்திருளன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மண்டபத்தில் வைக்கலாம் என்று தாமரைச்செல்வி கேட்டாள். தன் மகளுக்குத் தன் வீட்டில்தான் என்றான் பாண்டியராஜன்.

“அப்ப அந்த ரூலை எடுத்துவிடுங்க.”

“எங்க சித்தப்பா மகன் கருப்பு இருக்கான். பங்காளி, என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவான். வாசல் வழியா வருவான். அவன் மடியில வச்சுக் குத்துவோம்.”

“எங்க அண்ணனுக்குக் கருமாதி வைக்கச் சொல்றீங்க.”

“அவன் எங்க அப்பனுக்கு எத்தனை தடவை வச்சான்னு தெரியுமா? மிசின்ல இருக்கு, படிக்கவா?”

“பேரைப் போடாம விட்டது யாரு?”

பாண்டியராஜன் ஜவுளிக்கடைக்குப் போனான். கருப்புக்குப் புது வேட்டி எடுத்தான்.

விழா அன்று காலை எட்டு மணிக்கு முத்திருளன் சமயநல்லூரிலிருந்து இரண்டு வேனில் ஆள் கொண்டுவந்தான். அறுபது பேர். பழம், பட்டு, பித்தளைப் பாத்திரம் என்று இருபத்தொரு தட்டு. மாலை போட்ட கிடா ஒன்று. மேளம். முன்னால் முத்திருளனும், கேலிக்கு அவளும் மாப்ள என்றே கூப்பிட்டுப் பழகிய அவன் மனைவி ஒச்சாயியும். இருவர் இருவராகக் கேட்டைத் தாண்டினார்கள், இருவர் இருவராக மறைந்தார்கள். பேச்சுச் சத்தம் தெருவில் தேய்ந்து கொல்லைப்புறத்தில் கூடியது. மேளக்காரர்கள் பாண்டியராஜனை அதற்கு முன் பார்த்தவர்கள் அல்ல. சார், வாசிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு முன்வாசலில் தனியாக நின்றவர்களில் ஒருவன், நிலைமையைப் பார்த்து, வாங்க மாப்ள என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கிடா தானாகப் போனது.

குழியிலிருந்து முத்திருளனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

“என்ன மாப்ள, வாசல்ல நாயக் கட்டிப்போடுவாய்ங்க, நீ மிசினக் கட்டிப்போட்டிருக்க? அதுக்கு என்ன தீனி வைக்கிற?”

ஒச்சாயி சொன்னாள்: “மெதுவா பேசுங்க, அதுக்குக் கோவம் வந்து கடிச்சிறப் போவுது.”

அறுபது பேரும் சிரித்தார்கள். முன்னறையில் சோபாவில் ராசிக்கல் விற்பவரும் இரண்டு எண்ணெய்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். பாண்டியராஜன், விழாவுக்கு வந்திருந்த கிரிதரனைக் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான்.

“குப்பைக்கும் போகாம செய்ய முடியுமா?”

“முடியும்ணே. சர்வர்லயே அழிச்சிடுன்னு ஒரு கட்டம் இருக்கு. ஏற்கெனவே குப்பையில கிடக்கிறதும் சேர்ந்து போயிடும். திரும்ப எடுக்க முடியாது.”

“டிக் அடி.”

“நான் அடிக்க மாட்டேண்ணே. அறுபது பேரு நிக்கிறாங்க.”

கிரிதரன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். பாண்டியராஜன் உட்கார்ந்து தேடினான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து மூடினான். காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். கருப்பு மடியை விரித்து உட்கார்ந்திருந்தான். நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருந்தபோது பாண்டியராஜன் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தான்.

தாமரைச்செல்வி திரையையும் அவன் முகத்தையும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆசாரியைப் பின்சந்து வழியாக வரச் சொன்னாள். அவன் எழுந்திருக்கும் முன் அவள் முன்னறையைக் கடந்து, படி இறங்கி, கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பி நின்றாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் அவனைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதில்லை.

“மாப்ள,” என்றாள். “இப்ப அழி.”

உள்ளே கால் வைத்தாள். கேட்டுக்குள் யாரும் இல்லை.

பாண்டியராஜன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். கொல்லையில் மேளம் வேகமெடுத்தது. அடுப்படியின் பின்கதவைத் திறந்திருந்தால் அவன் பார்த்திருக்கலாம். குப்பையின் மேல் சமுக்காளம் விரித்து முத்திருளன் சம்மணமிட்டிருந்தான். அவன் மடியில் அன்னக்கொடி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பாண்டியராஜன் பின்கதவு வரை போனான். தாழ்ப்பாளைத் தொட்டான். வெளியே குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு முறை, சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கிரிதரன் கேட்டான், அண்ணே, இப்பவாவது ரூலை எடுத்துவிடவா? அவன் வேண்டாம் என்றான். கட்டத்தில் டிக் அடிக்கவும் இல்லை.

முத்திருளன் விடுப்பு முடிவதற்குள் குழியைச் செம்மண் போட்டுத் தூர்த்து, காலிமனைக்காரரிடம் பேசி, தகரம் வேய்ந்த ஓர் அறை கட்டிக்கொடுத்தான். இனி வீட்டுக்குள் வர முடியாத தாமரைச்செல்வி அதில் குடியிருந்து தையல் மெஷின் போட்டாள். அறை பிறகு இரண்டானது, பிறகு ஓடும் ஏறியது. சனிக்கிழமைகளில் உறவுக்காரர்கள் முன்வாசல் கேட்டைத் திறந்து கால் வைத்து நேராக அவள் தின்பண்டத் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சந்து சுற்றி நடப்பதைவிட அது சுருக்கு வழி. அன்னக்கொடி அப்பனை அப்பா என்று கூப்பிட்டாள், அதனால் இரண்டு பக்கமும் போய்வந்தாள். பாண்டியராஜன் அவளிடம் அங்கே என்ன குழம்பு என்று மட்டும் கேட்பான். அவன் நான்கு கம்ப்யூட்டர் மாற்றினான். ஒவ்வொரு முறையும் கிரிதரன் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது, அந்த ரூலும் வேணுமாண்ணே என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் பாண்டியராஜன் வேணும் என்றான். முன்னறை முழுக்கச் சார் என்று கூப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி போட ஆள் இல்லை, அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

காளவாசலில் யாராவது பாண்டியராஜன் வீட்டுக்கு வழி கேட்டால், ஆட்டோக்காரர்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று முதலில் கேட்கிறார்கள். பிறகு முன்தெருவா பின்சந்தா என்று சொல்கிறார்கள்.