பேர ராணி கேட்ட ஏலம்

அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால்தான் பார்க்கப் போன அன்று அவள் வாய் ஓயாமல் குறை சொன்னாள்.

"இந்தச் சுவர்ல ஈரம் தெரியுதே. சமையலறை இவ்வளவு இருட்டாவா இருக்கும்? இந்தக் குழாயெல்லாம் எந்தக் காலத்துது?" என்று அறை அறையாகக் கேட்டுக்கொண்டே போனாள். டை கட்டிய வீட்டு ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். அவள் பின்னால் அவள் கணவர் ஒரு காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீடு பார்க்க வந்திருந்த மற்றவர்கள் இதென்ன கூத்து என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் தள்ளிப் பார்த்தார், படியே இல்லை. படுக்கையறைக் கதவில் தள்ளினார், இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருந்தது. குளியலறைக்குள் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திருப்பினார், எங்கேயும் இடிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"முகத்தை மாத்துங்க. பிடிச்சுப்போச்சுன்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவாங்க" என்று அவர் காதோரம் சீறினாள்.

அவள் பிழைப்பு அப்படி. ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறைக்குக் காய்கறி வாங்கிப்போடுகிறவள். அவள் தலை தெரிந்தாலே மொத்த வியாபாரக் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். விலை படியவில்லையா, பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். "சரிங்க, வேற இடம் பார்த்துக்கறேன்" என்று திரும்பி நடப்பாள். அவ்வளவுதான். நாலு கடை தாண்டுவதற்குள், "அம்மா, வாங்க வாங்க, கோச்சுக்காதீங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். வராமல் இருந்ததே கிடையாது. நாத்தனார் அவளுக்குப் பேர ராணி என்று பெயர் வைத்திருந்தாள். வைத்தவள் கேலியாகத்தான் வைத்தாள், இவள் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

கணவரோ நேர் எதிர். கடைக்காரர் வாயிலிருந்து என்ன விலை வருகிறதோ அதைக் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போடுகிற ஆள். கடைக்கு அவரை அனுப்புவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். வேலை, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடியது. அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் இல்லை. குடியிருந்ததோ மூன்றாவது மாடி.

மாமனாருக்குப் பக்கவாதம் வரும்வரை இது வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த கண்டக்டர் அவர், ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவர். இப்போது கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கைகளில் பலம் திரும்பியிருந்தது, சமதரையில் சக்கர நாற்காலியை அவரே ஓட்டுவார், ஆனால் மூன்று மாடிப் படிகளை என்ன செய்வது? டாக்டரிடம் போக வேண்டுமென்றால் மகன் முதுகில் சுமந்து இறக்குவார். ஒவ்வொரு திருப்பத்திலும் மகனுக்கு மூச்சு வாங்கும். அந்த இரைப்பு அப்பாவின் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும்.

கொஞ்சநாளில் பெரியவர், "எனக்கு வெளிய என்ன வேலை கிடக்கு?" என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் டாக்டர் வரச்சொன்ன தேதியையே சொல்லாமல் மறைத்துவிட்டார். விஷயம் தெரிந்த அன்று அவள் சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு தேட ஆரம்பித்தாள். தரையோடு தரையாக ஒரு வீடு, படி இல்லாத வாசல். மாமா யார் முதுகிலும் ஏறாமல் தெருவுக்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இந்த வீடு ஏலத்துல போகுது மேடம், எல்லாமே ஆன்லைன்தான்" என்றார் ஏஜென்ட். "வீடு ரெண்டு பேர் பேர்ல வேணும்னா ரெண்டு பேரும் தனித்தனியா பதிவு பண்ணணும். ஆளுக்கு ஒரு நம்பர் வரும், யார் வேணா கேக்கலாம். கடைசி அஞ்சு நிமிஷத்துல யாராவது ஏத்திக் கேட்டா கடிகாரம் மறுபடி அஞ்சு நிமிஷத்துலேர்ந்து ஓடும்."

"அது இருக்கட்டும். நான் யார்கிட்ட பேசணும்?"

"யார்கிட்டயும் பேச வேண்டாம் மேடம். பட்டனை அமுக்கினா போதும்."

பேச வேண்டாமா? அவளுக்குப் பாதி பலம் அங்கேயே போய்விட்டது.

ஏலத்தன்று மதியம் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாங்குகிற விஷயம் எதுவானாலும் அவள் கையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது அவர் வழக்கம். பதிவு மட்டும் செய்துவைத்திருந்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமனார் சக்கர நாற்காலியில். வங்கி தருவதாகச் சொன்ன கடனும் கையிருப்பும் சேர்த்து ஒரு உச்சம் வைத்திருந்தார்கள், அதற்கு மேல் துடைத்துப்போட்டாலும் ஒன்றும் கிடையாது.

ஆரம்பத்தில் திரையில் நிறைய எண்கள் வந்துபோயின. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பதினொன்றும் நான்கும் மட்டும் மிஞ்சின. பதினொன்று அவள். நான்கு யாரோ ஒரு புண்ணியவான். அவள் ஒரு படி ஏற்றினால் அவனும் ஒரு படி ஏற்றினான். விலை என்பது பேசப்பேச இறங்கும் சமாசாரம் என்றே அவள் வாழ்ந்து பழகியிருந்தாள். இங்கே அவள் கை பட்டாலே ஏறியது. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மனுஷங்களா இவங்க? கொஞ்சம்கூட இறங்கி வரமாட்டாங்களா மாமா?"

"ஏலத்துல யாரும்மா இறங்கி வருவா?" என்றார் பெரியவர். "எனக்காகக் கெடந்து அடிச்சுக்காதீங்க. விட்டுத்தள்ளு."

விட்டுத்தள்ளு என்ற சொல்தான் வினையாகப் போயிற்று. நான்கு மறுபடி ஏற்றியதும், இன்னும் நாலு முறை ஏற்றிக் கேட்க இடம் இருக்கும்போதே அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திரையின் ஓரத்தில் 'ஏலத்திலிருந்து விலகு' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. "ஆமாய்யா, வேற இடம் பார்த்துக்கறேன்" என்று திரையிடமே சொல்லிவிட்டு, ஆம் என்பதையும் அமுக்கினாள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். இனி கூப்பிடுவார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அப்போதும் கூப்பிடவில்லை. கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே ஏஜென்டைக் கூப்பிட்டாள்.

"விலகிட்டீங்களா?" ஏஜென்ட் பதறிப்போனார். "ஏன் மேடம்? அந்த நம்பர்ல இனி கேக்க முடியாதே!"

"என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டீங்களா?"

"யாரு மேடம் கூப்பிடுறது? அங்க ஆளே கிடையாது, எல்லாம் மெஷின்."

அவள் போனைக் கீழே வைத்தாள். எத்தனை கடைக்காரர்களை இந்த ஒரு வித்தையால் மடக்கியிருப்பாள்! கடைசியில் மாமாவின் வாசலை அதே வித்தையால் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டாள். பெரியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "போகட்டும்மா, இந்த ஜன்னலும் நல்ல ஜன்னல்தான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அப்போதுதான் உறைத்தது. கணவருக்கும் ஒரு ஏல எண் இருக்கிறது.

போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். இன்னொரு முறை. கடிகாரத்தில் பாதி போனபின் எடுத்தார்.

"லிஃப்ட் மேல நிக்கறேன். என்ன?"

"என்னங்க, ஏலத்துல நீங்க கேக்கணும். உடனே. உங்க போன்ல. நான் விலகிட்டேன்."

"ஏன் விலகின?"

"பேரம் பேசினேன்!"

மறுமுனையில் அவர் சிரித்திருந்தால் அன்று வீட்டில் ஒரு கொலை விழுந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "இங்க நெட் இல்ல, மொட்டை மாடிக்குப் போறேன்" என்றார். இரும்பு ஏணியில் பூட்ஸ் தடதடவென ஏறும் சத்தம், கதவு கிரீச்சிடும் சத்தம், பிறகு காற்று. அவள் திரையையே பார்த்திருந்தாள். கேட்க முடியாது, பார்க்க மட்டும் விட்டிருந்தார்கள். கடிகாரம் உயிரை விடப்போகிற நேரத்தில் புதிதாக ஒரு எண் எழுந்தது. பன்னிரண்டு.

"வந்துட்டீங்க! வந்துட்டீங்க!" என்று கத்தினாள்.

நான்கு கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு படி ஏற்றியது. அது திரையில் வந்த மறுநொடியே பன்னிரண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. நான்கு மறுபடி யோசித்தது, ஏற்றியது. கண் மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு.

"மெதுவாங்க! கொஞ்சம் யோசிக்கற மாதிரியாவது காட்டுங்க!"

"எதுக்கு?" என்றார் அவர்.

உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. விலை சொன்னார்கள், கொடுக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். உச்சத்துக்குள் இன்னும் ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும். நான்கு இந்த முறை வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கடிகாரம் ஓடி அடங்கப்போகிற கடைசியில், செத்துப் பிழைத்தது போல ஒரு படி ஏற்றியது.

அது ஏறி முடிக்குமுன் அதன்மேல் பன்னிரண்டு வந்து விழுந்தது. அதே வேகம், அதே அலட்சியம். பெட்டி பெட்டியாகப் பணம் வைத்திருக்கிறவன் கேட்பது போல அவர் தங்கள் கடைசிக் காசுவரை கேட்டுவிட்டார்.

இனி ஒன்றும் இல்லை. நான்கு இன்னொரு படி ஏறினால் கதை முடிந்தது. அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், நான்குக்குத் தெரியாது. எங்கோ ஒரு அறையில் யாரோ இந்தப் பன்னிரண்டைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டினாள். கடிகாரம் மறுபடி மேலிருந்து இறங்கியது. மாமனார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்காக அடிச்சுக்காதீங்க என்று சொன்ன மனிதர் இப்போது, "வராதேடா, வராதேடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். அந்த வீடு அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் காதில் விழுந்தது.

நான்கு வரவில்லை. திரை பச்சையாயிற்று.

அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியவர் இரண்டு உள்ளங்கையாலும் மேஜையில் தட்டு தட்டென்று தட்டினார், தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"எப்படிங்க அவ்வளவு தைரியமா கேட்டீங்க?"

"தைரியமா? கீழ ஒவ்வொரு மாடியிலயும் ஆளுங்க நின்னு லிஃப்ட் எப்ப வரும்னு கத்திக்கிட்டிருக்காங்க. சீக்கிரம் முடிச்சுட்டுப் போகணும்ல?" என்றார். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "கெடைச்சுடுச்சா? நெஜமாவா? அப்பாகிட்ட குடு."

அவள் போனை மாமனாரிடம் கொடுத்தாள். பெரியவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

குடிபோன அன்று வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். பாத்திரப் பெட்டி எது, துணிப் பெட்டி எது என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று, "அப்பா எங்க?" என்றார். படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

இருவரும் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்கள். இடப்பக்கம் மருந்துக்கடை, அங்கே இல்லை. வலப்பக்கம் கணவர் முன்னால் ஓட, இவள் பின்னால் ஓடினாள். தெருமுனை முடிதிருத்தகத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன் அவர் சட்டென்று நின்றார். உள்ளே பெரிய கண்ணாடிக்கு நேராகச் சக்கர நாற்காலி நின்றது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பெரியவர் முடிவெட்டுகிறவரிடம் ஏதோ பழைய பஸ் கதையை அளந்துகொண்டிருந்தார், வெட்டுகிறவர் கத்தரியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மகனும் மருமகளும் உள்ளே நுழைந்து தன் பின்னால் மூச்சிரைக்க நிற்பதைப் பெரியவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னடா? ஒருத்தன் முடி வெட்டிக்க வந்தா ரெண்டு பேர் வெறுங்காலோட ஓடி வரணுமா?"

"இல்லப்பா, சொல்லாமப் போய்ட்டீங்க..."

"ஏன் சொல்லணும்?" என்றார் அவர். "வீட்டுக்குப் போங்க. முடிஞ்சதும் நான் வருவேன்."

கணவர் தயங்கினார். கைகள் அவரையறியாமல் நாற்காலியின் பிடிகளை நோக்கி நீண்டன. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள், திரும்பிப் பார்க்கவும் விடவில்லை.