ஒருமுறை மட்டும் அணிந்தது

திண்டுக்கல் பேருந்து நிலையத்திற்கு எதிரே ஒரு மாடியில் ரொனால்டு பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் அங்கே தேர்வு முடிவு பார்க்க வந்தோரைவிடப் பழைய பொருள் விற்க வந்தோரே மிகுதி. கட்டிலோ, தையல் இயந்திரமோ, ஓடாத ஸ்கூட்டரோ, எதுவாயினும் அவன் அதனை இணையத்தில் விளம்பரமாக ஏற்றிக் கொடுப்பான். ஆனால் பொருளின் படத்தோடு வருவோர் அரியர். ஆகவே, இணையத்தில் வேறு யாரோ போட்டிருந்த படத்தை எடுத்து அவனே ஒட்டிவிடுவான். எந்த ஊரிலோ எவர் வீட்டிலோ கிடந்த கட்டில், வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவரின் கட்டிலாக மாறிவிடும். யாரேனும் இது முறையா என்று கேட்டால், “கட்டிலுக்கு என்ன மூஞ்சியா இருக்கு?” என்று சிரிப்பான்.

தையற்கடை ஜெஸ்ஸி தன் தங்கை மகளின் திருமணக் கவுனை விற்க அவனிடம் வந்தது இந்த வழக்கத்தை நம்பித்தான். ஒருமுறை மட்டும் அணிந்தது என்று மறவாமல் எழுதச் சொன்னாள். படத்தை மறுநாள் கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவள் வரவே இல்லை. ரொனால்டு இணையத்தில் தேடினான். கிடைத்தவை எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் தோளும் முதுகும் தெரிய அணிந்தவை. அவற்றைப் போட்டால் இவ்வூரில் ஒருவரும் வாங்க மாட்டார். கழுத்து மூடி, முழங்கைவரை கைவைத்துத் தைத்த கவுன் வேண்டும். அப்படி ஒரு படம் தன் கணினியிலேயே கிடப்பது அப்போது அவன் நினைவுக்கு வந்தது.

அது நான்சியின் படம்.

மேட்டுப்பட்டி இஞ்ஞாசியம்மாளின் மகளான நான்சி, கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு மஞ்சள் காமாலையில் இறந்து போனாள். மணமாகாது இறந்த பெண்ணை மணக்கோலத்தில் அடக்கம் செய்வது அந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுடைய வழக்கம். தாய் தன் கையாலேயே மார்பில் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியுமாக வெண்மணி கோத்துத் தைத்த கவுனையே அவளுக்கு உடுத்தினார்கள். தலையில் பூமுடி வைத்தார்கள். சவப்பெட்டியைச் சற்றே சாய்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணன் கிறிஸ்துராஜால் அடக்கத்திற்கு வந்து சேர முடியவில்லை. அவனுக்கு அனுப்புவதற்காக அப்படத்தை ரொனால்டின் கடையில் ஸ்கேன் செய்தார்கள். அனுப்பியாயிற்று, ஆனால் படத்தின் பிரதி கணினியிலேயே தங்கிவிட்டது.

ரொனால்டு முகத்தை வெட்டினான். ஜெபமாலை சுற்றிய கைகளை மறைத்தான். சாய்வை நிமிர்த்தினான், பின்புலத்தை வெண்மையாக்கினான். உயிருள்ள எவள் உடுத்தினாலும் இடுப்பிலோ அக்குளிலோ ஒரு சுருக்கமாவது விழும். இந்தத் துணியிலோ ஒரு மடிப்பும் இல்லை. உடுத்திவிட்டவர் நீவிவிட்டபடியே அது கிடந்தது. விற்பனைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று எண்ணியபோது அவனுக்கு உள்ளே எதுவோ கூசியது, எனினும் ஏற்றிவிட்டான்.

அத்துணியை நீவிவிட்ட கை, அவனுடைய பெரியம்மா செபாஸ்தியம்மாளின் கை.

பங்கில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டி உடுத்துபவள் அவளே. ரொனால்டின் தாயையும் அவளே உடுத்தி அனுப்பினாள். அதற்கென்று எவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பெட்டியை மூடும்முன் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, தோட்டையும் மூக்குத்தியையும் தனியே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, வீட்டாரிடம் கொடுப்பாள். பெற்ற மகளின் காதிலிருந்து தோடு கழற்றப்படுவதை ஒரு தாய் காணலாகாது என்பது அவள் எண்ணம். பெட்டியை மூடிவிட்டு அவள் கதவைத் திறந்தபின் ஆண்கள் உள்ளே போய் ஆணி அடிப்பார்கள்.

கிறிஸ்துராஜுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஊரில் கவுன் கிடைக்குமா என்று மஸ்கட்டிலிருந்தே இணையத்தில் தேடியவன், திண்டுக்கல் விளம்பரங்களுக்கிடையே தன் தாயின் கைவேலையைக் கண்டான். தொலைபேசியில் அவன் அழுதானா, கத்தினானா என்பது எவருக்கும் தெரியாது. மறுநாட் காலையிலேயே இஞ்ஞாசியம்மாள் மாடிப்படி ஏறி ரொனால்டின் கடைக்கு வந்துவிட்டாள்.

திரையில் படம் விரிந்தது. அவள் கண்ணாடிமேல் விரலை வைத்து மணிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“இந்தக் கொடியில ஒரு எலை கோணிப் போச்சு, தம்பி. பிரிச்சுத் தைக்கலாம்னு இருந்தேன். நேரமில்லாமப் போச்சு.”

அவள் திரையிலிருந்து திரும்பி ரொனால்டைப் பார்த்தாள்.

“எம்மக மேல கெடந்தது எப்புடிக் கடைக்கு வந்துச்சு? கடைசியாக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தவ யாரு? உம் பெரியம்மாதான.”

அந்நொடியில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இது துணியன்று, படம். உங்கள் மகளுடைய படத்தைத்தான் வெட்டினேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் பிணத்தின் படத்தைக் காட்டித் துணி விற்றான் என்று ஊர் பேசினால் கடை என்னாகும் என்ற நினைப்பு அவன் நாவைக் கட்டிவிட்டது. யார் ஏற்றினார்கள் என்பது தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி அவளை அனுப்பி வைத்தான். அவள் படியிறங்கும் ஓசை அடங்குமுன்பே விளம்பரத்தை நீக்கினான். கணினியில் இருந்த மூலப்படத்தையும், வெட்டிய படத்தையும் அழித்தான். அழித்தபின் தனக்கு மூச்சு வந்ததாக நினைத்தான். பெரியம்மாவைக் காக்கக்கூடிய ஒரே சாட்சியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

மாலையில் இஞ்ஞாசியம்மாள் பங்கின் பெரியவர் அருள்நாதனை அழைத்து வந்தாள். விளம்பரம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அருள்நாதன் திரையைப் பார்த்தார், ரொனால்டைப் பார்த்தார், படியிறங்கிப் போனார். மறுநாள், கவுன் விற்கப் போவதாகச் சொல்லியிருந்த ஜெஸ்ஸியைக் கேட்டார்கள். தன் கவுன் வீட்டுத் துணிப்பெட்டியிலேயே இருக்கிறது, அதில் கதிரும் இல்லை கொடியும் இல்லை, படம் கொடுக்கவும் இல்லை என்று அவள் உள்ளபடி சொன்னாள். அந்த உண்மையும் பொய்க்கே துணை போயிற்று. அப்படியானால் படத்தில் கண்டது நான்சியின் கவுன்தானே என்றது ஊர்.

செபாஸ்தியம்மாளை எவரும் நேரே குற்றம் சாட்டவில்லை. கோயிலில் பெண்கள் கூடி ஜெபிக்கும் மரியாயின் சேனைக் கூட்டத்திற்குக் கொஞ்ச நாள் வர வேண்டா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டத்து வாயிலில் மாலை கட்டி விற்கும் பொம்மையன் மட்டுந்தான், அவள் தங்கை கல்லறைக்கு மாலை வாங்கப் போன அன்று, நாலுபேர் நடுவே வாய்விட்டுக் கேட்டான்:

“யக்கா, இந்த மாலையாச்சும் அங்கிட்டே கெடக்குமா, இல்ல நாளைக்கு எங்கிட்டயே விக்க வருமா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மாலையை வாங்கிக்கொண்டாள். ரொனால்டு உடன் நடக்க, தன் தங்கையான அவன் தாயின் கல்லறைமேல் அதை வைத்துவிட்டு வீடு திரும்பினாள். அன்று அவள் உலை வைக்கவில்லை.

அதன்பின் ரொனால்டால் பொறுக்க முடியவில்லை. முதலில் பெரியம்மாவிடம் சொன்னான். அவள் அவனை ஏசவில்லை. “அந்தப் புள்ள படத்தையா?” என்று மட்டும் கேட்டாள். பின்னர் அவளையும் அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையின் வீட்டிற்குப் போனான். இஞ்ஞாசியம்மாளும் அருள்நாதனும் வந்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். படத்தைக் காட்டச் சொன்னார் அருள்நாதன். அழித்துவிட்டேன் என்றான் ரொனால்டு. கிறிஸ்துராஜிடம் இருக்கும் படத்தையும் விளம்பரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார் பங்குத்தந்தை. விளம்பரத்தையும் அழித்துவிட்டேன் என்றான்.

அருள்நாதன் சிரித்தார். “பேஷ். கழட்டுனது ஒருத்தி, வித்துக் குடுத்தது ஒருத்தன். இம்புட்டு நாளு பெரியம்மா மட்டுந்தான்னு இருந்தோம்.”

செபாஸ்தியம்மாள், நான்சியின் குழியைத் தோண்டிப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டாள். அந்தக் கவுன் நைலான் வலை, மண்ணுக்குள் அவ்வளவு எளிதில் மக்காது, தோண்டினால் தெரிந்துவிடும் என்றாள். பங்குத்தந்தை இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தார். முடிவு அவள் கையில் இருந்தது.

“வேணாம் சாமி,” என்றாள் இஞ்ஞாசியம்மாள். “உள்ள துணி இல்லாட்டியும் எனக்கு அப்பறம் தூக்கமில்ல. இருந்தாலும் இல்ல. எம்புள்ளைய மறுபடி எடுத்துப் பாக்க என்னால ஏலாது.”

அவள்மீது குறை சொல்ல ரொனால்டுக்கு வாய் வரவில்லை. வழக்கு அத்துடன் முடிந்தது. தீர்ப்பு மட்டும் தெருவிலேயே நின்றது. கடைக்கு வருவோர் குறைந்தனர். எவரும் தம் படத்தை அவனிடம் ஸ்கேன் செய்யக் கொடுக்கவில்லை.

மழைக்காலத்தில் அருள்நாதனின் மனைவி இறந்தாள். செபாஸ்தியம்மாளுக்குப் பதிலாக உடுத்தி வந்த பெண் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள். தாடிக்கொம்பிலிருந்து ஒருத்தியை வரவழைக்க முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. பொழுது ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் செபாஸ்தியம்மாளுக்கே ஆள் வந்தது. போக வேண்டா என்று ரொனால்டு தடுத்தான். “செத்தவ என்னடா பண்ணுனா?” என்று கேட்டுவிட்டு அவள் புறப்பட்டாள். அவனும் பின்னே போனான்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. வழக்கம்போல் எல்லாரும் வெளியே வந்தார்கள். அருள்நாதனின் தங்கை மட்டும் வரவில்லை. சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, செபாஸ்தியம்மாளின் விரல்களையே பார்த்து நின்றாள். இம்முறை கதவைச் சாத்தவும் விடவில்லை. வாசலில் நின்ற ரொனால்டுக்கு எல்லாம் தெரிந்தது. எத்தனையோ காதுகளிலிருந்து தோடு கழற்றிய அந்தக் கை, அன்று திருகாணியைப் பிடிக்க மாட்டாமல் நழுவ நழுவத் தேடிற்று.

கழற்றியவற்றைக் கைக்குட்டையில் முடிந்து அவள் அருள்நாதனின் தங்கையிடம் நீட்டினாள். அந்தத் தங்கை முடிச்சை அவிழ்த்துப் பார்த்த பிறகே வாங்கிக்கொண்டாள்.

செபாஸ்தியம்மாள் வெளியே வந்தாள். ஊரார் எல்லாரும் நின்றிருந்தனர், இஞ்ஞாசியம்மாளும் நின்றிருந்தாள். ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே நடுமுற்றத்தில் நின்று, இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஒருமுறை உதறினாள்.

வேண்டா என்று அங்கிருந்த எவரும் சொல்லவில்லை. அவள் முந்தானையைத் திரும்பச் செருகிக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.