பால்கனிக்குக் கூடுதல் காசு

லதா போன் செய்தபோது சின்னராசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளுக்கு ஒரு வெங்காயம் தாராளம். குடும்பத்துக்கே பழகிய கை மூன்றை எடுத்து வைத்திருந்தது.

"சார், உங்களுக்கு ஒரு நல்ல நியூஸ்," என்றாள் லதா. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் டிராவல்ஸ் நடத்துகிற பெண். டிராவல்ஸ்காரர்கள் நல்ல நியூஸ் என்று ஆரம்பித்தால் நம் சட்டைப் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னராசுவுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றைக்குக் காலையிலிருந்து அவரிடம் யாரும் பேசியிருக்கவில்லை. அதனால், "சொல்லும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜூலைல கப்பல்ல போறீங்க இல்ல சார், நீங்க எடுத்திருக்கிறது உள்பக்க ரூம். ஜன்னலே இருக்காது. கொஞ்சம் மேல போட்டீங்கன்னா பால்கனி வெச்ச சூட் ரூம் தர்றாங்க. காலையில கதவைத் திறந்தா நேரா கடல்தான். நாலே நாலு ரூம்தான் பாக்கி. சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள சொல்லிடணும்."

"கொஞ்சம்னா எவ்ளோம்மா?"

சொன்னாள். அது கொஞ்சம் இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்த தொகை அளவுக்கு இன்னொரு மடங்கு.

"அவசரமில்ல சார். மேடம்கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க."

மேடம் கனடாவில் இருக்கிற விஷயம் லதாவுக்குத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பணம் கட்டப் போன அன்று, "ரெண்டு பேர்தானே சார்?" என்று அவள் கேட்டாள், "ஆமா" என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. யாரோ ஒருத்தர் ஊரில் இன்னும் அவரை இரண்டு பேராக நினைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

சின்னராசு அணுமின் நிலையத்தில் பம்புகளைப் பழுது பார்த்தே ஆயுளைக் கழித்தவர். அணுபுரம் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டில் வீடு கட்டி வந்தவர். வீட்டுக்கு வர்ணம் அடித்து முடிப்பதற்குள் மகள் பிரிசில்லாவுக்கு டொரோண்டோவில் பிரசவம் என்று ரெஜினா கிளம்பிப் போனாள். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பிறகு குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. பிரிசில்லா வேலைக்குத் திரும்பினாள். விசாவோ வருடக்கணக்கில் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். இப்போது பேரன் இங்கிலீஷில் அடம்பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டான், ரெஜினா இன்னும் அங்கேதான். பிரசவத்துக்குப் போன அம்மாவைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். இங்கே தனியாகத் தோசை ஊற்றித் தின்கிற ஆளைப் பற்றி ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள், "ஜூன்ல வந்துடறேங்க" என்று ரெஜினா சொன்னாள். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்த ரமேஷ், பழைய ஆட்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, மூன்று ராத்திரி கடலில் சுற்றிவிட்டுத் திரும்பி வருவது. சின்னராசு ஓடிப்போய் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டார். இருப்பதிலேயே மலிவான ரூமாகப் பார்த்துத்தான் எடுத்தார். விலை கூடினதை எடுத்தால் ரெஜினாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ரெஜினா அப்படிப்பட்டவள். இரண்டு ரூபாய் கொத்தமல்லியிலிருந்து வீட்டுக் கிரானைட் வரை, அவளிடம் முதல் பதில் "வேணாம்"தான். ஃபிரிட்ஜ் வாங்கப் போன கடையில் அவள் பேரம் பேசி முடிப்பதற்குள் கடைக்காரர் களைத்துப்போய் எல்லோருக்கும் டீ சொன்னார். அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. சின்னராசு வெட்கப்பட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். திரும்பிவரும்போது ஆட்டோவில், "உங்களுக்கு மட்டும் சமத்து இருந்தா நான் ஏன் தொண்டை கிழியக் கத்தப்போறேன்," என்று சிரித்தாள். அவர்கள் வீட்டில் சண்டை போடாமல் ஒரு சாமான் உள்ளே வந்ததில்லை.

ஜூன் மாதத்துக்கான டிக்கெட் போட்டாயிற்றா என்று சின்னராசு இதுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம். இப்போது லதா போனை வைத்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னல் இல்லாத ரூமுக்காக யாராவது கனடாவிலிருந்து கிளம்பி வருவார்களா? பால்கனி என்றால் வருவாளோ என்னவோ. பாதி உலகம் தாண்டி ஒருத்தியை இழுக்க வேண்டுமென்றால் தூண்டிலில் கொஞ்சம் நல்ல இரையாகத்தான் மாட்ட வேண்டும் என்று தோன்றியது. பெண்டாட்டியை மீனாக்கிவிட்டோமே என்று உடனே தன்னையே திட்டிக்கொண்டார்.

இருந்தாலும் அவர் பழைய மெக்கானிக். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஜாதி இல்லை. பால்கனிக்குக் காசு கொடுப்பவன், ஒரு மனுஷனால் எவ்வளவு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போனார்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கூட்டம் குறைவான இடமாகப் பார்த்து மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அக்னி வெயில் அப்போதுதான் சாய்ந்திருந்தது, மணல் இன்னும் சுட்டது. கடல் நன்றாகத்தான் இருந்தது. பச்சையும் நீலமுமாகப் பெரிய பெரிய அலைகள். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். திரும்பவும் கடலைப் பார்த்தார். தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு அலைமேல் ஏறி, மூக்கைத் தூக்கி, அப்படியே காணாமல் போய், மறுபடி முளைத்தது. "அங்க பாரேன்" என்று வாய் திறந்துவிட்டது. பக்கத்தில் சுண்டல் விற்கிற பெண்மணி திரும்பிப் பார்த்து, "இன்னாண்ணா, சுண்டலா?" என்று கேட்டாள். வெட்கத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

சோதனையின் முடிவு அதுதான். கடலைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை, "அங்க பாரேன்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆள் இருந்தால் அந்தப் பால்கனிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் தண்டம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ரமேஷ் போன் செய்தான்.

"மச்சான், நாங்க பால்கனி மாத்திட்டோம். நீ இன்னா பண்ணப்போற?"

"ரெஜினாவைக் கேட்டுச் சொல்றேன்."

"அது வருதா இல்லியா மொதல்ல? வரலன்னா சொல்லிடு, நரசிம்மன் ஒண்டிக்கட்டையா கீறான், உன் ரூம்ல அவனைப் போட்டுடலாம்."

"யோவ், அவன் குறட்டைக்கு நான் துட்டு கட்டணுமா? அவ வருவா. நீ உன் வேலையைப் பாரு," என்று சின்னராசு வெடுக்கென்று வைத்துவிட்டார். நரசிம்மன் பாவம், நல்ல மனுஷன். குறட்டை விடுவானா என்றுகூட இவருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி படுக்கும்வரை சண்டைக்குத் தயார் செய்தார். அவள் என்னென்ன கேட்பாள் என்று அவருக்கு மனப்பாடம். 'மூணு நாள் தூங்கறதுக்கு இவ்ளோ துட்டா' என்பாள். தூங்குறதுக்கு இல்ல, முழிச்சிகினு கீறதுக்கு என்று சொல்ல வேண்டும். 'அந்தத் துட்டுக்கு மாடியில ஷீட்டு போட்டுருக்கலாம்' என்பாள். ஷீட்டு அடுத்த வருஷமும் போடலாம், நமக்கு முட்டி அடுத்த வருஷம் இப்படியே இருக்குமா என்று கேட்க வேண்டும். கடைசியாக அவள் முணுமுணுத்துக்கொண்டே, 'அந்தப் பொண்ணு நம்பரைக் கொடுங்க, நானே பேசறேன்' என்பாள். அந்த இடம் வந்துவிட்டால் ஜெயித்த மாதிரி. அதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

சனிக்கிழமை காலை, வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அவர்களுக்கு ராச்சாப்பாடு முடிந்திருந்தது. ரெஜினா முடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தாள். நன்றாக இருந்தது, சின்ன வயதாகத் தெரிந்தாள். எப்போது வெட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னாங்க, நாஸ்தா ஆச்சா?"

"ஆச்சு. நான் ரூமு படம் அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன். நல்லா கீதுங்க. பால்கனில நாற்காலியெல்லாம் போட்டுருக்கான்."

"அதுக்குத்தான் கேக்கறேன். மாத்தட்டுமா, வேணாமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். பதில்கள் எல்லாம் வரிசையில் நின்றன.

"மாத்திக்கோங்களேன்," என்றாள் ரெஜினா.

சரியாகக் கேட்கவில்லையோ என்று போனைக் காதருகே கொண்டுபோனார்.

"துட்டு ஜாஸ்தி ரெஜினா. இப்ப கட்டினது மாதிரி இன்னொரு பங்கு கேக்கறாங்க."

"இருக்கட்டும். இவ்ளோ நாள் ஒழைச்சீங்க."

சின்னராசு விடவில்லை. பழைய மெக்கானிக் புத்தி போகவில்லை. ஒரு வால்வு வேலை செய்கிறதா என்று தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

"ஒரு பங்கு இல்ல, தப்பா சொல்லிட்டேன். மூணு பங்கு," என்றார்.

ஃபிரிட்ஜ் கடைக்காரரை டீ குடிக்க வைத்தவள், கத்தரிக்காய் வண்டியைத் தெருமுனை வரை துரத்திப்போய் ஐந்து ரூபாய் திரும்ப வாங்கினவள், திரையில் கீழே குனிந்து எதையோ எடுத்து மடித்துக்கொண்டே, "ஒண்ணும் தப்பில்லீங்க. எடுத்துக்கோங்க. நல்லா காத்து வாங்கிட்டு வாங்க," என்றாள்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளேயிருந்து பேரன், "அம்மாச்சி!" என்று கத்தினான். "தோ வந்துட்டேன்டா தங்கம்," என்றவள், "வெச்சிடட்டுமாங்க? இவன் என்னைய விட்டா தூங்கமாட்டான்," என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஜூன் மாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

அவள் வரப்போவதில்லை. வரப்போகிறவளாக இருந்தால் மூன்று பங்குக்குக் கூரை பிய்ந்து போயிருக்கும். தன் வீட்டுக் காசுக்குத்தான் ஒருத்தி சண்டை போடுவாள். அடுத்த வீட்டுக்காரர் கார் வாங்கினால் நல்லா கீது என்று சிரித்துவிட்டுப் போவோமே, அப்படித்தான் சொன்னாள் ரெஜினா. அவள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அங்கே அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் பாட்டுக் குழு இருக்கிறது, வெட்டிக்கொண்ட முடி இருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று நினைத்தபோதுதான் சின்னராசுவுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் சமைக்கவில்லை. மோர் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். சாயந்தரம் லதா கூப்பிட்டாள்.

"சார், கடைசி ரூம் ஒண்ணுதான் இருக்கு. மேடம் என்ன சொன்னாங்க?"

"அவளா?" என்றார். எழுந்து உட்கார்ந்தார். "அத்த ஏம்மா கேக்கற, காலையிலேர்ந்து ஒரே சண்டை. மூணு நாள் தூங்கறதுக்கு இவ்ளோ துட்டான்னு புடிச்சிகினா. மாடிக்கு ஷீட்டு போட்டுருக்கலாம்ன்றா. மாபலிபுரத்துக்கு பஸ்ல போனா தெரியாத கடலான்றா. பேஜாரு புடிச்ச பொம்பளம்மா அது."

பேசப் பேசக் குரல் ஏறியது. முகத்தில் ரத்தம் ஓடியது. லதா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க அம்மாவும் இதே கேஸ்தான் சார். சரி, லைன்லயே இருங்க." யாரிடமோ பேசினாள். கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "சார், மேடமுக்காக எங்க கமிஷனை விட்டுட்டேன். கூடுதல் காசுல கால்வாசி குறையுது. இதுக்கு மேல முடியாது. மேடம் பக்கத்துலதானே இருக்காங்க? இப்பவே கேட்டுச் சொல்லிடுங்க, பிளாக் பண்ணிடறேன்."

ரெஜினா ஜெயித்துவிட்டாள்.

"இரும்மா, கேக்கறேன்," என்றார் சின்னராசு.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் கேட்டு, இன்னொரு ஆள் முகத்தைச் சுளித்து, மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே நின்றார். பிறகு கையை எடுத்தார்.

"வேணாமாம்மா," என்றார். "உள் ரூமே எங்க ரெண்டு பேருக்கும் போதும்ன்றா."