கழுத்து எடை

பொன்னாத்தாளுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் தாண்டிவிட்டது. கணவனோடு தனியாக அவள் எங்கேயும் போனதில்லை. பழனிக்குப் போனால் அண்ணன் வருவார். ஊட்டிக்குப் போனால் வருவார். பல் பிடுங்கப் போனாலும் வருவார்.

அண்ணன் பெயர் சின்னண்ணன். நாமக்கல்லில் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, பிறகு லாரிகளை விற்றுவிட்டு சும்மா இருப்பவர். அவர் எங்கே கிளம்பினாலும் அவர் மனைவி மறுப்பதில்லை. பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்போது திரும்புவீர்கள் என்று கூடக் கேட்கமாட்டாள்.

நல்லவர். தங்கை மேல் உயிர். அதுதான் சிக்கல். கூடப் பிறந்தவனை வராதே என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. சீர் கொண்டுவருகிற கை அது. அதைத் தள்ளிவிட்டால் தாய்வீட்டுக் கதவைத் தானே சாத்திக்கொண்ட மாதிரி.

இந்த வருடம் அவள் கணவர் கந்தப்பன் கோழிப்பண்ணையைக் குத்தகைக்கு விட்டார். தீவனம் ஏற்றிய பிக்கப் வண்டி மட்டும் மிஞ்சியது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். அதற்குப் பின்னால் திறந்த தொட்டி. அந்த வண்டியில் மாட்டி இழுத்துப்போக ஒரு வீடு கட்டச் சொன்னார். ஏன் என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

“ஊரு பாக்கலாம்னுதான்” என்றார் கந்தப்பன். அவருக்கு அது நீளமான பேச்சு.

திருச்செங்கோடு சாலையில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பட்டறைக்காரர் மகள் சௌந்தர்யா வரைபடம் போட்டாள். இஞ்சினியரிங் படித்தவள். வீட்டின் முன்பக்கம் கழுத்துபோல நீண்டு, பிக்கப்பின் தொட்டிக்கு மேலே வந்து, அங்கே பதித்த இரும்புத் தட்டில் உட்காரும். டிரெய்லர் லாரிகளில் இருக்கும் அதே தட்டு. கழுத்துக்குள் இருவர் படுக்கும் கட்டில். நடுவில் அடுப்பும் குளியலறையும். பின்கோடியில் ஒரு பெஞ்சு. இழுத்து விரித்தால் அதுவும் கட்டில்.

“அது யாருக்கு?” என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

“எனக்குத்தான்” என்றார் சின்னண்ணன். பெஞ்சில் படுத்தும் பார்த்துவிட்டார். “மொத நாளு ஜேடர்பாளையம். அணைக்கட்டுல மீனு. அப்பறம் நான் சொல்லறன் பாரு.”

பொன்னாத்தாள் கழுத்துக்குள்ளிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தாள். இந்த ஒரு பயணமாவது இரண்டு பேர் மட்டும் போகவேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு ஆசை வந்தது. வந்த ஆசை போகவில்லை.

வீடு முடிந்ததும் சாமான்களை ஏற்றி, பட்டறைக்குப் பக்கத்திலிருந்த எடைமேடைக்குக் கொண்டுபோனார்கள். மக்காச்சோள லாரிகள் வரிசையில் நின்றன.

“எதுக்கு அம்மணி எடை?” என்றார் சின்னண்ணன். “மூணு டன்னு இழுக்கும்னு வண்டிப் புஸ்தகத்துலயே போட்டிருக்குது. ஊடு ரெண்டரைகூட வராது.”

“இழுக்கறது வேறங்கய்யா, சொமக்கறது வேற” என்றாள் சௌந்தர்யா. “கயிறு கட்டி இழுத்தா எடையெல்லாம் ரோட்டு மேல. இது கழுத்த நீட்டி வண்டி முதுகுல உக்காருது. அத வண்டிதான் சொமக்கோணும். நீங்க ஏறி உக்கார்றதும் அதே கணக்குலதான் வரும்.”

“முதுகு குனிஞ்சா ஒரு பட்டை சேத்துப் போட்டாப் போச்சு.”

லாரிக்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் மருந்து. ஸ்பிரிங்கில் இன்னொரு இரும்புப் பட்டை.

“பட்டை சேத்தா வண்டி குனியாது. அவ்வளவுதானுங்க. அச்சு அதே அச்சு. பிரேக்கு அதே பிரேக்கு. டயரும் அதேதான்.”

“எங்க காலத்துல பத்து டன் வண்டியில பதினாறு ஏத்துனோம்.”

“தெரியுமுங்க. உங்க வண்டிதான் எங்கப்பன் பட்டறைக்கு மாசாமாசம் வருமே.”

கந்தப்பன் சிரித்தார். சத்தம் வரவில்லை.

கணக்கு எளிது. பிக்கப் எல்லாம் சேர்த்து 2850 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஆளில்லாமல், டீசலும் தட்டுமாக, அது 2240. மீதி 610. பிறகு வீட்டை மாட்டி, பிக்கப்பை மட்டும் மேடையில் ஏற்றி, வீட்டின் சக்கரங்களைக் கீழே விட்டு நிறுத்தினார்கள். எத்தனை கூடுகிறதோ அது கழுத்து எடை. 480 கூடியது.

“இன்னும் நூத்திமுப்பது ஏறலாமுங்க” என்றாள் சௌந்தர்யா.

எடைமேடை அறையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. கந்தப்பன் ஏறினார். 74. பொன்னாத்தாள் ஏறினாள். 56. அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் கூட்டினாள். நூற்று முப்பது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கணக்கு அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

சின்னண்ணன் ஏறினார். 92.

“இட்டிலி தின்னுட்டு வந்துட்டன்” என்றார்.

“தொண்ணூத்திரண்டும் இட்டிலியாங்க?”

“ஏம்மாப்ள, இந்தப் புள்ள இப்படிப் பேசுது. நீ பாத்துட்டு நிக்கற.”

கந்தப்பன் மக்காச்சோள லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பச் சரி. நான் வண்டியிலயே ஏறலீங்க அம்மணி. பின்னாடி ஊட்டுக்குள்ள பெஞ்சுல படுத்துட்டு வாரேன். கடைசிக் கோடியில படுத்தா கழுத்து இன்னும் லேசாகும். உங்களுக்கு ஒத்தாசதான்.”

சௌந்தர்யா ஒரு நிமிடம் யோசித்தாள். “கணக்கு சரிதானுங்க” என்றாள். பொன்னாத்தாளுக்கு மூச்சு நின்றது. “ஆனா ஓடற ஊட்டுக்குள்ள ஆளு இருக்கக் கூடாது. போலீஸ் புடிப்பான். புடிக்காட்டி அதவிட மோசம்.”

பொன்னாத்தாளுக்கு மூச்சு வந்தது.

சின்னண்ணன் வீட்டைச் சுற்றி நடந்தார். சக்கரத்துக்கு நேரே நின்றார். லாரியில் பாரம் அடுக்கிய புத்தி விழித்துக்கொண்டது.

“மாப்ள, புடி ஒரு கை” என்றார்.

முன்னால் இருந்த கிரைண்டரைப் பின்கோடிக்குத் தள்ளினார். இரண்டு கேஸ் சிலிண்டரும் பின்னால் போயின. டூல்ஸ் பெட்டியும் போனது. மறுபடியும் மேடை. கழுத்து எடை 385.

“அட” என்றாள் சௌந்தர்யா.

“துலாக் கட்டைதான் அம்மணி. இந்தப் பக்கம் ஏறுனா அந்தப் பக்கம் எறங்கும். இப்பச் சொல்லு, மூணு பேரு போலாமா?”

அவள் போட்டுப் பார்த்தாள். மூன்று கிலோ மிச்சம் வந்தது.

“போலாமுங்க. இதுக்கு மேல தள்ளீராதீங்க. ஊட்டு எடையில நூத்துக்குப் பதினஞ்சு பங்காவது கழுத்துல இருக்கோணும். கொறஞ்சா ஊடு வால ஆட்டும். வால் ஆட ஆரமிச்சா பிக்கப்பையும் சேத்து ஆட்டும்.”

“வெள்ளிக்கெழம கெளம்பறோம்” என்றார் சின்னண்ணன்.

மறுநாள் பொன்னாத்தாள் திரைத்துணி அளவெடுக்கப் பட்டறைக்கு வந்தாள். அளவு எடுத்து முடித்தாள். போகவில்லை.

“சாமி, அந்தக் கழுத்து எடை. அத நீ கொஞ்சம் எச்சாச் சொன்னா என்ன?”

சௌந்தர்யா நிமிர்ந்து பார்த்தாள். “எவ்வளவு எச்சா?”

“ஒரு ஆளு எச்சா.”

“எந்த ஆளுங்க?”

பொன்னாத்தாள் திரைத்துணியை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். சௌந்தர்யாவுக்குப் புரிந்தது.

“எடையில பொய் சொல்லமாட்டனுங்கம்மா. ஆனா, அய்யா வெச்ச எடத்துலதான் சாமான் இருக்கோணும்னு சட்டம் ஒண்ணுமில்ல. முன்னூத்தி எண்பத்தஞ்சும் சரிதான். நானூத்தி எண்பதும் சரிதான். உங்க ஊடு. உங்க சாமான்.”

“கட்டிலுக்கு அடியில பொட்டி இருக்குதே. அதுல வெச்சா?”

“அது நேராத் தட்டுக்கு மேல. வெச்சது அப்படியே வண்டி முதுகுல எறங்கும்.” பிறகு சேர்த்துச் சொன்னாள்: “நூத்திமுப்பது கிலோ எடம் மட்டும் விட்டு வைங்க. இல்லீன்னா நீங்களும் போகமுடியாது.”

வியாழக்கிழமை கந்தப்பன் பண்ணைக் குத்தகைப் பணம் வாங்கப் போயிருந்தபோது அவள் வேலையைத் தொடங்கினாள். வீடு வாசலில் நின்றது. கிரைண்டரை உருட்டி முன்னால் கொண்டுவந்தாள். ஒரு சிப்பம் அரிசியைப் பெட்டிக்குள் இறக்கினாள். போதாது என்று தோன்றியது. சமையலறை மூலையில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைப் பார்த்தாள். கிரைண்டர் போகும் இடத்துக்கு அம்மி எதற்கு என்று யாராவது கேட்டால் சட்னிக்கு என்று சொல்லலாம். சாக்கை விரித்து, கல்லை அதில் வைத்து, இழுத்து, படியேற்றி, பெட்டிக்குள் தள்ளினாள். நிமிரும்போது இடுப்பில் ஒரு நரம்பு பேசியது. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புறப்படும் முன் கடைசி எடை. சௌந்தர்யாதான் அதைக் கட்டாயம் என்று சொல்லியிருந்தாள். சின்னண்ணன் புது வேட்டியில் வந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

பிக்கப் மேடையேறியது. எண் ஓடி நின்றது. சௌந்தர்யா ஒரு தடவை பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“கழுத்து எடை ஐந்நூத்தி முப்பது.”

“எவ்வளவு?” என்றார் சின்னண்ணன்.

“மீதி எண்பது கிலோதானுங்க. வண்டி ஓட்டறவரு போலாம். வேற யாரும் போகமுடியாது.”

பொன்னாத்தாள் சௌந்தர்யாவைப் பார்த்தாள். நான் இல்லை என்பதுபோல அவள் தலையாட்டினாள். பொன்னாத்தாள் அரிசியையும் அம்மியையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தாள். அவ்வளவு வராது. எத்தனை தடவை நிறுத்தாலும் ஐம்பது கிலோ உதைத்தது.

“பொன்னு, உனக்கே எடமில்லியாம்” என்றார் சின்னண்ணன். “நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? தொறங்க அந்தப் பொட்டிய.”

அவரே ஏறினார். கிரைண்டர் முன்னால் நிற்பதைப் பார்த்தார். மெத்தையைத் தூக்கினார்.

“அரிசி” என்றார் உள்ளேயிருந்து.

“வழியில ஆக்கித் திங்கலாம்னு” என்றாள் பொன்னாத்தாள்.

“அம்மிக்கல்லு.”

“சட்னிக்கு.”

பிறகு இரும்பு உரசும் சத்தம் வந்தது.

“இழுவைச் சங்கிலி. லாரி ஜாக்கி.” அவர் தலை ஜன்னலில் தெரிந்தது. “பத்துச் சக்கர லாரியத் தூக்கற ஜாக்கி. இது யாரு வெச்சது?”

பொன்னாத்தாள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கந்தப்பன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றுமில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“பஞ்சராச்சுன்னா வேணுமுல்ல” என்றார்.

“நீங்களுமா?” என்று பொன்னாத்தாள் மெதுவாகக் கேட்டாள்.

“உங்கண்ணன வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது? நீ மனசு சங்கடப்படுவீல்ல.”

அவ்வளவு பேச்சை அவரிடமிருந்து அவள் ஒரே மூச்சில் கேட்டதில்லை.

சின்னண்ணன் இறங்கி வந்தார். கையைத் தட்டிக்கொண்டார். அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியவில்லை. சௌந்தர்யாவிடம் நேராகப் போனார்.

“இந்தச் சங்கிலியும் ஜாக்கியும் எறங்கட்டும். அரிசியும் கல்லும் எறங்கட்டும். கிரைண்டரு பின்னாடி போகட்டும். அப்ப மூணு பேரு போலாமா, இல்லியா? சரியாச் சொல்லு அம்மணி.”

“போலாமுங்க” என்றாள் சௌந்தர்யா. “ரெண்டு பேரும் போலாம், மூணு பேரும் போலாம். எடையில ஒண்ணும் தடையில்லீங்க.”

சொல்லிவிட்டு அவள் பொன்னாத்தாளைப் பார்த்தாள். கந்தப்பனும் பார்த்தார். பின்னால் ஒரு மக்காச்சோள லாரி ஹாரன் அடித்தது.

பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அண்ணா” என்றாள். “நானும் அவரும் மட்டும் போறமுங்கண்ணா.”

சின்னண்ணன் அவளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். எடைமேடையின் எண்பலகையைப் பார்த்தார். அங்கே இன்னும் அதே எண்தான் இருந்தது.

“இதச் சொல்லறதுக்கு அம்மிக்கல்லத் தூக்குனயா?” என்றார். “உன்ற இடுப்பு என்னத்துக்கு ஆகறது ஆத்தா?”

“வலிக்குதுங்கண்ணா.”

“வலிக்காம?” அவர் குரல் உயர்ந்தது. “ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இட்டிலியாவது தின்னிருப்பன். ஏம்மாப்ள, நீ அந்த ஜாக்கியத் தனியாவா தூக்குன?”

“ஆமாங்க மச்சான்.”

“கிறுக்குப் பசங்க. நல்ல சோடி.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். சங்கிலியையும் ஜாக்கியையும் அவரே இறக்கினார். அம்மிக்கல்லை யாரையும் தொடவிடவில்லை. அரிசியை மட்டும் விட்டுவைத்தார். வழியில் பட்டினி கிடக்காதீர்கள் என்றார். மறுபடி எடை போட்டார்கள். கந்தப்பனும் பொன்னாத்தாளும் ஏறினாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“இதெல்லாம் எப்படிங்கய்யா ஊட்டுக்குக் கொண்டுபோவீங்க?” என்று சௌந்தர்யா கேட்டாள்.

“ஆட்டோக் கூப்புட்டாப் போகுது. எனக்கென்ன வேல இன்னிக்கி?” அவர் அம்மிக்கல் மேல் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். “ஜேடர்பாளையத்துல மொதக் கடையில மீனு வாங்காதீங்க. ரெண்டாவது கடை.”

“நாங்க ஜேடர்பாளையம் போகலீங்கண்ணா.”

“பின்ன எங்க?”

“தெரியலீங்க.”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அது அவருக்குக் கடினமாக இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

கந்தப்பன் ஏறி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். பொன்னாத்தாள் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்சீட்டு எப்போதும் அண்ணனுக்கு. அவள் கை தானாக அந்தக் கதவுக்குப் போயிருந்தது.

வண்டி கிளம்பவில்லை. கந்தப்பன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார்.

சௌந்தர்யா பின்ஜன்னலைத் தட்டினாள்.

“அம்மா, முன்னாடி போயி உக்காருங்க” என்றாள், சிரிக்காமல். “பின் அச்சுக்குப் பாரம் கொறையும்.”